ஒன்பதாவது புள்ளி

என் பதினோராவது வயதிலிருந்து இந்தப் பத்தொன்பதாவது வயது வரை என்னைக் கடித்த பூச்சி எதுவும் உயிரோடு வீடு திரும்பியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன். நுளம்பு, தெள்ளு, மூட்டை, மாட்டிலையான், கட்டெறும்பு ஆகிய ஐந்து குலத்தாரும் என் கையால் முடிவு கண்டிருக்கிறார்கள். நுளம்பைப் பறக்கும்போதே ஒற்றைக் கையால் பிடிப்பேன். லத்தீன் பாடம் நடந்துகொண்டிருக்க, ஆசிரியரின் கண் புத்தகத்தை விட்டு எழும்புவதற்குள், முன் வாங்கில் இருப்பவனின் பிடரியில் குந்திய நுளம்பை அவனுக்கு நோகாமல் எடுத்திருக்கிறேன். நோகும்படி எடுத்ததும் உண்டு. அது ஆளைப் பொறுத்தது.

இப்படிப்பட்ட ஒருவன், கடிக்க வரும் பூச்சிக்குத் தானாகவே சட்டைக் கையை மடித்துக் கொடுக்கிற ஒரு மனிதனைக் கண்டால் என்ன பாடுபடுவான் என்பதை வாசகர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

அந்த மனிதன் முத்தலிப், காத்தான்குடிக்காரன். கல்லூரியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்து, ஜூனியர் சோதனையோடு நிறுத்தி, நுளம்பு ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் ஓட்டுக் கட்டிடத்தில் குடம்பி, அதாவது நுளம்புப் புழு, பார்க்கிற வேலைக்குப் போனவன். அவனுடைய உம்மா ஸைனம்பு வீட்டில் தறி போட்டிருந்தார். பிறந்த நாளிலிருந்து பாவில் அறுந்த இழையைத் தேடிப் பழகிய கண் அவனுக்கு. வேறு எந்தப் பெருமையும் கிடையாது. சிரிக்கவும் தெரியாது. நான் சொன்ன பகிடிகளுக்கு அவன் மூன்று வருஷமாகச் சிரிக்காமல் இருந்தது எங்கள் சிநேகிதத்தில் ஒரு குறையாகவே இருந்தது.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தொன்பதாம் ஆண்டு ஆவணி மாதம் ஒரு மாலை, காற்று வாங்கலாம் என்று சைக்கிளில் முகத்துவாரத்துப் பக்கம் போனேன். வாவி கடலோடு சேரும் அந்த இடத்தில், மழை தொடங்கும் வரை வாயை மணல் அடைத்துக் கிடக்கும். நின்று பார்த்தால் கண் கூசும் வெள்ளை மணல். அங்கே முத்தலிப் தண்ணீர் ஓரமாகக் குந்தியிருந்து, இடது கையை முழங்கைக்கு மேலே திறந்துவிட்டு நீட்டியபடி இருந்தான். பிச்சை கேட்கிறான் என்றால் கொடுக்க அங்கே ஆளில்லை.

“என்னகா செய்யிறாய்?”

“உன்ட நிழல் விழுகுது. தள்ளி நில்லு.”

“நிழல் விழுந்தா?”

“கொசுகு போயிரும்.”

“போனா நல்லந்தானே.”

“போனா நல்லமில்ல.”

அப்போதுதான் பார்த்தேன். அவன் முன்கையில் மிளகுத்தூள் தூவியது போல ஏதோ இருந்தது. தூள் நகர்ந்தது. முகத்துவாரத்தில் வலை வீசப் போகிறவர்களைக் கேட்டால் தெரியும், அது நுளம்பு இல்லை, கொசுகு என்று சொல்லும் வேறு பூச்சி. கடுகில் கால்வாசி. வருவது கண்ணுக்குத் தெரியாது, கடித்தது ஒரு கிழமைக்கு மறக்காது. பொழுது கடலுக்கு எதிர்ப் பக்கம் இறங்குகிற அந்த அரைமணித்தியாலம் மட்டும் மணலில் இருந்து எழும்பும். முத்தலிப் ஒவ்வொன்றும் குடித்து முடியும் வரை காத்திருந்து, வயிறு சிவந்ததும் அதன் மேல் கண்ணாடிக் குழாயைக் கவிழ்த்து, பஞ்சால் அடைத்து, பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தான்.

நான் என் கையில் குந்திய மூன்றையும் முறைப்படி அனுப்பிவைத்தேன்.

“அடிக்காத. சத்தத்துக்கு மற்றதும் போகுது.”

“நீ செய்யிறது ரெத்ததானம். வாங்கிறவர் நன்றி சொல்லுறாரா?”

அவன் பையில் இருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து, செத்த கொசுகு ஒன்றின் இறக்கையைக் காட்டினான். சாம்பல் நிறச் சீலையில் வெளிறிய பொட்டுப் போட்டது போல இருந்தது.

“எத்தின புள்ளி?”

எண்ணினேன். “ஒன்பது.”

“கிறுகி எண்ணு.”

“ஒன்பதுதான்கா.”

“துரை எட்டு எண்டு எழுதியிரிக்கான்,” என்றான். அப்படிச் சொல்லும்போது அவன் குரலில் இருந்தது கோபம் என்று எனக்குத் தெரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. முத்தலிப்பிடம் அதை நான் முன்பு கண்டதில்லை.

நடந்தது இதுதான். வைகாசியில் அவன் ஆறு பெண் கொசுகுகளைப் பதப்படுத்தி, கொழும்பில் இருக்கும் பூச்சி நிபுணர் பெம்பர்ட்டன் துரைக்கு அனுப்பியிருந்தான். அரேபியா, சிந்து ஆகிய இடங்களின் பாலைவனக் கொசுகு ஒன்றுக்கு எட்டுப் புள்ளி உண்டு, இது அதைப் போலவே இருந்தாலும் ஒன்பதாவது புள்ளி இறக்கை நுனியில் இருக்கிறது, ஆகவே இது அதுவல்ல, வேறு இனம் என்று ஒரு குறிப்பும் வைத்திருந்தான். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் துரை முன்பு அனுப்பிய பாலைவனக் கொசுகுகள் இரண்டு குழாயில் அவனிடம் இருந்தன. துரையின் பதில் இரண்டு பந்தி. முதலாவது பந்தி: இவை பாலைவனக் கொசுகுகளே, ஒன்பதாவது புள்ளி தூசி. இரண்டாவது பந்தி: மட்டக்களப்பில் பாலைவனம் இல்லை, ஆகவே நான் அனுப்பிய குழாய்களை நீர் உம்முடையவற்றோடு மாற்றிவிட்டீர். கூடவே தட்டச்சில் அடித்த ஒரு தாள். ‘குழாய்களை மாற்றிவைத்த தவறு என்னுடையது என்று ஏற்றுக்கொள்கிறேன்.’ கீழே கையெழுத்துக்குப் புள்ளிக்கோடு. மார்கழி முடிவதற்குள் அது திரும்பி வராவிட்டால், அடுத்த வருஷம் அந்த ஓட்டுக் கட்டிடத்தில் முத்தலிப்புக்குக் கதிரை இராது.

அந்தத் தாளை அவன் வீட்டில் வைத்துத்தான் எனக்குக் காட்டினான். ஸைனம்பு உள்ளே தறி அடித்துக்கொண்டிருந்தார்.

“போட்டுவிடு மச்சான்,” என்றேன். “ஒரு கையெழுத்து. கொசுகு வந்து ஏனெண்டு கேக்கப் போறதில்ல.”

“நான் மாத்தல்ல.”

“நீ மாத்தல்ல எண்டு எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். கொசுகுக்கும் தெரியும். மூண்டு பேர் காணாதா?”

“கடிச்சது இஞ்ச. ரெத்தம் என்ட. குழாயும் என்ட. பாலைவனம் இல்லாத ஊரில இரிக்கப்படாதெண்டு கொசுகுக்கு ஆர் சொன்ன?” தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். “ஆண் ஒண்டு வேணும். ஆணைக் காட்டினா அவனுக்குப் பேச ஒண்டுமில்ல.”

இந்தக் குலத்தில் ஆண் கடிப்பதில்லை. பூவில் எதையாவது நக்கிக்கொண்டு பிழைக்கிறதாம். ஆகவே கையை நீட்டிக்கொண்டு எத்தனை மாலை இருந்தாலும் ஆண் வராது. ஆனால் இனத்தைச் சரியாகப் பிரிப்பதென்றால் ஆணின் பின்புறத்தில் இருக்கும் கொக்கி போன்ற ஒரு சிறு கொளுவியைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். எங்கள் கல்லூரியில் பிரம்புக்குப் பொறுப்பான ஆசிரியரும் எங்களை அந்தப் பக்கத்தை வைத்தே தரம் பிரிப்பவர் என்பதால் எனக்கு இது புதுமையாகப் படவில்லை. முத்தலிப்பின் திட்டம் எளியது. கடித்து வயிறு நிறைந்த பெண்ணைக் குழாயில் வைத்தால் முட்டை இடும். முட்டையை ஈர மணல் நிறைந்த சட்டியில் விட்டால் புழுவாகும், புழு கூடாகும், கூடு கொசுகாகும். பாதி ஆண். இந்தத் தாயின் மகன் இவன் என்று சொல்ல அதற்கு மேல் சாட்சி தேவையில்லை. ஒரு தாய்க்கு ஒரு சட்டி. நாலைந்து கிழமை. வாவித் தண்ணீர் ஊறி இறங்கும் இடத்திலேயே சட்டிகளைக் கழுத்தளவு புதைக்க வேண்டும். மழை தொடங்கி முகத்துவாரம் உடைப்பதற்குள் முடிக்க வேண்டும்.

“உம்மா, மெல்லிய சீலையில ஏழு துண்டு வேணும்,” என்று உள்ளே பார்த்துச் சொன்னான்.

“என்னத்துக்கு?”

“கொசுகுக்கு.”

தறிச் சத்தம் நின்றது. ஸைனம்பு எட்டிப் பார்த்து என்னிடம் முறையிட்டார்: “சின்னனில இவனைக் கொசுகு கடிச்சா ஊரைக் கூட்டுவான் மகன். இப்ப அதுக்குச் சீலை உடுத்தப் போறான்.”

ஆனாலும் ஏழு துண்டு கிழித்துக் கொடுத்தார். நல்ல சீலை.

இனி என்னுடைய பங்கு. எங்கள் கல்லூரியில் ‘கொடுக்கு’ என்று ஒரு கையெழுத்துப் பத்திரிகை இருந்தது. ஆசிரியர், எழுத்தாளர், ஓவியர், விநியோகஸ்தர் எல்லாம் நல்லரத்தினம், அதாவது நான். மாதம் ஒரே ஒரு பிரதி. கைமாறிக் கைமாறிக் கடைசியில் எங்கே போகும் என்று எனக்கே தெரியாது. புரட்டாதி இதழில் மனித குலத்தை வகைப்படுத்தி ஒரு கட்டுரை எழுதினேன்: அடிப்போர், சொறிவோர், கை நீட்டுவோர் என மூன்று இனம். மூன்றாவது இனத்துக்கு உலகத்திலேயே ஒரு மாதிரிதான் அகப்பட்டது, அதுவும் காத்தான்குடியில். முத்தலிப் வாசித்தான். “மூண்டாவதுக்கு ஆண் பெண் ரெண்டும் பார்த்தாய்தானே?” என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

அவன் சிரிக்காதது எனக்குள் வேலை செய்தது. ஐப்பசி இதழில் கொஞ்சம் மேலே போனேன். தலைப்பு: ‘முகத்துவாரத்தில் ஏழு சட்டி’. அதில் நான் எழுதியதை வரிக்கு வரி இங்கே தருகிறேன், ஏனென்றால் ஒரு சொல்லும் பொய்யில்லை என்பதே அதன் அழகு என்று அன்றைக்கு நினைத்தேன்.

‘முகத்துவாரத்து மணலில் ஏழு புதுச் சட்டிகள் கழுத்தளவு புதைக்கப்பட்டிருக்கின்றன. ஏழின் வாயும் வெள்ளைச் சீலையால் மூடி நூலால் சுற்றிக் கட்டப்பட்டுள்ளது. உள்ளே உயிருள்ள புழுக்கள். அவை மனித இரத்தத்தில் உண்டானவை. வைத்தவர் பொழுது படும் நேரத்தில் மட்டும் வந்து, வாய்க்குள் எதையோ எண்ணிவிட்டுப் போகிறார். இந்த மாதம் மீன் குறைந்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டென்று நாம் சொல்ல வரவில்லை.’

இதை வாசித்து வகுப்பே சிரித்தது. பிரதி கைமாறியது.

நோன்பு தொடங்குவதற்கு நாலு நாள் இருக்கும்போது, கல்லூரி வாசலில் ஒருவர் எனக்காகக் காத்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். தோளில் ஈரத் துவாய், கையில் ஓலையில் கோத்த பெரிய கொடுவாய் மீன்.

“தம்பிதானே நல்லரத்தினம்?”

“ஓம்.”

“கொடுக்கு எழுதிற தம்பி?”

“ஓம் மாமா.”

“நான் கோணாமலை. பாலமீன்மடு. வீச்சுவலைத் தொழில். இந்தாங்க.” மீனை என் கையில் மாட்டினார்.

“என்னத்துக்கு?”

“எங்கட பொடியன் ஒருவன் உங்கட கொப்பியக் கொண்டந்து கரையில வைச்சு வாசிச்சான். நாங்க அந்தச் சட்டியளைக் கண்டனாங்கதான், ஆரும் மீன் அவிக்க வைச்சதாக்குமெண்டு இரிந்திட்டம். நீங்க எழுதினாப் பிறகுதான் செய்வினையெண்டு விளங்கின. நேத்து ராவு பூசாரியாரைக் கூட்டிவந்து முறைப்படி கழிப்புக் கழிச்சு, ஏழையும் கிளப்பி, உடைச்சு, உள்ளுக்கு இரிந்ததைத் தண்ணியில விட்டாச்சு. சட்டிக்கு ஒரு தேசிக்காய் வெட்டின. ஒண்டும் குறை வைக்கல்ல.”

என் முகத்தை அவர் மகிழ்ச்சி என்று வாசித்திருக்க வேண்டும். தோளில் தட்டினார்.

“வைச்சவன் ஆரெண்டு தெரியா. தெரியத் தேவையுமில்ல. அந்த நுளம்பு ஆபீஸ் தம்பி, துலுக்கத் தம்பி, நல்ல பிள்ளை, அவடத்தான் ஒவ்வொரு நாளும் வந்து போறவர். அவரையும் கவனமாயிரிக்கச் சொல்லுங்க.”

சொல்லப் போனேன். மீனையும் வைக்க இடமில்லாமல் ஒரு கையில் பிடித்தபடியே சைக்கிளை ஓட்டிக்கொண்டு.

முத்தலிப் மணலில் முழங்கால் குத்தி இருந்தான். சுற்றிலும் சட்டி ஓடு. ஒவ்வொரு குழியின் பக்கத்திலும் வெட்டிய தேசிக்காய்ப் பாதி இரண்டு, குங்குமத்தோடு, நிரையாக. கழிப்பு உண்மையிலேயே குறைவில்லாமல் நடந்திருந்தது. அவன் ஓட்டில் ஒட்டியிருந்த மணலைப் பூதக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கூடு கட்டியிரிந்திச்சு,” என்றான் நிமிராமல். “நாளைக்கு, இல்லாட்டி நாளையிண்டைக்கு வெளிக்கிட்டிருக்கும்.”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். சுருக்கமாகச் சொல்லத்தான் நினைத்தேன், ஆனால் நீண்டுவிட்டது. கோணாமலை, பூசாரியார், மீன். கடைசியில் எனக்கே ஒரு சமாதானம் தேவைப்பட்டது.

“ஆனா மச்சான், நான் எழுதினதில ஒரு சொல்லும் பொய்யில்ல.”

“ஓம். நானும் வாசிச்சன்.” இப்போதுதான் என்னைப் பார்த்தான். “சட்டி உண்மை. சீலை உண்மை. புழு, ரெத்தம் எல்லாம் உண்மை. லேபலை மட்டும் மாத்தி ஒட்டியிரிக்காய்.”

கையில் இருந்த ஓட்டைக் குழிக்குள் வைத்தான்.

“நான் மாத்தினனெண்டு துரை சொல்லுறான்,” என்றான். “நான் மாத்தல்ல. நீதான் மாத்தின.”

எட்டு வருஷமாக என்னைக் கடித்தவர் எல்லோருக்கும் நான் உடனே பதில் கொடுத்திருக்கிறேன். அன்றைக்குக் கையில் மீன் இருந்தது. அதனால்தான் முடியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

“இனிக் கையெழுத்துப் போடு,” என்றேன். “மழைக்கு ஒரு மாதந்தான் இரிக்கு. சட்டியும் இல்ல. கரையில நீ சட்டியோட கால் வைச்சா உன்னையும் சேர்த்துத்தான் கழிப்பாங்க. கதிரை மிஞ்சட்டும்.”

முத்தலிப் எழும்பி முழங்கால் மணலைத் தட்டினான். பையில் இருந்து துரையின் தாளை எடுத்தான். ஆவணியில் மடித்த மடிப்பு அப்படியே இருந்தது.

“உனக்கு இங்கிலீஷ் நல்லா வரும். எழுது.”

சைக்கிள் இருக்கையைப் பலகையாக வைத்து, தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். அவன் சொல்லச் சொல்ல. ‘ஐயா, குழாய்கள் மாறவில்லை. வளர்த்தவை ஒரு விபத்தில் அழிந்தன. மறுபடி தொடங்குகிறேன். இந்தத் தாளில் கையெழுத்திடவில்லை. ஆண் பின்னால் வரும்.’

“விபத்து எண்டா போடுற?” என்று கேட்டேன்.

“வேற என்ன போடுற? உன்ட பேரையா?”

வழக்கப்படி முடிவில் ‘தங்கள் பணிவுள்ள ஊழியன்’ என்று எழுதினேன். அவன் எட்டிப் பார்த்தான்.

“பணிவை எடு.”

“அது எல்லாரும் போடுறதுகா. அர்த்தமில்லாத சொல்.”

“அர்த்தமில்லாட்டி எடு. ஊழியன் காணும்.”

வெட்டினேன். வெட்டிய கோடு தெரிந்தது. வேறு தாளில் பிரதி செய்து தரவா என்றேன், தெரியட்டும் என்றான். அதற்குக் கீழே தன் பெயரை, அந்தப் புள்ளிக்கோட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் படக்கூடிய அளவுக்குப் பெரிதாக எழுதினான். அடுத்த நாள் காலைத் தபாலில் அது போயிற்று.

மறுநாள் பின்னேரம் நான் பாலமீன்மடுவுக்குப் போனேன். முத்தலிப்புக்குச் சொல்லவில்லை. கோணாமலை படகடியில் வலை பொத்திக்கொண்டு இருந்தார்.

“மாமா, அந்தச் சட்டி செய்வினை இல்ல.”

“இல்லையோ?”

“இல்ல. நான் பகிடிக்கு எழுதின. வைச்சது நுளம்பு ஆபீஸ் முத்தலிப். கொசுகு வளர்த்தவன்.”

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது.

“உங்களைப் பயமுறுத்திப்போட்டாங்களோ?”

“ஆரும் பயமுறுத்தல்ல.”

“அப்ப ஏன் தம்பி கதைய மாத்திறீங்க? கழிப்பு முடிஞ்ச மற்ற நாளே எனக்கு எத்தின மீன் பட்டதெண்டு தெரியுமோ? உங்களுக்குத் தந்த கொடுவாய் எங்கால வந்த?”

உண்மை சொல்லி ஒருவரை நம்பவைப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அதுவரை தெரியாது. பழக்கமில்லை. கொசுகு, முட்டை, புழு, கூடு, ஒன்பது புள்ளி, எட்டுப் புள்ளி, துரையின் தாள், மார்கழி என்று ஒன்றையும் விடாமல் சொன்னேன். துரை வந்த இடத்தில் மட்டும் அவர் ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“நம்மட ஊரில இல்லையெண்டோ சொல்லுறான்? அந்தக் கொசுகோ?”

“ஓம்.”

“அவன் இஞ்ச வந்தவனோ?”

“இல்ல.”

“அப்ப நான் முப்பது வருஷமா ஆரிட்டக் கடி வாங்கின?” வலையை மடியில் இருந்து இறக்கி வைத்தார். முதன்முறையாக விஷயம் அவருக்குச் சொந்தமாகியிருந்தது. ஆனால் சட்டி வேறு விஷயம். அதை அவர் விடுவதாக இல்லை.

“சரி. சட்டி வைக்கலாம். ஆனா ஒரு கதை. உங்கட ரெத்தத்தில வைக்க வேணும்.”

“என்ட ரெத்தத்திலயோ? அவன்ட கை பழகின கை மாமா.”

“அந்தத் தம்பி சிரிக்காத பிள்ளை. சிரிக்காத ஆள் நெஞ்சுக்குள்ள என்ன இரிக்கெண்டு தெரியா. நினைச்சதுக்காகத் தனக்குக் கெடுதி வந்தாலும் செய்வார். நீங்க அப்பிடியில்ல. எல்லாத்துக்கும் சிரிக்கிற ஆள். உங்களுக்கு உங்கட உடம்பில நல்ல பயம் இரிக்கு. சட்டியில கெடுதி இரிந்தா உங்கட ரெத்தத்த அதுக்குள்ள விடமாட்டீங்க. நீங்க விட்டா நாங்க நம்புறம். கரையில ஒருத்தரும் தொடமாட்டாங்க, அது என்ட பொறுப்பு.”

நான் எழுதிய எந்தக் கட்டுரையிலும் ஒரு மனிதனை இவ்வளவு சரியாக வகைப்படுத்தியதில்லை. கோணாமலைக்குப் பூதக்கண்ணாடி கூடத் தேவைப்படவில்லை.

“ஏழு சட்டிக்குமோ?” என்றேன்.

“ஏழுக்கும்.”

முத்தலிப்பிடம் கோணாமலை சம்மதித்துவிட்டார் என்று மட்டும் சொன்னேன். எப்படி என்று கேட்டான். பேச்சுத் திறமை என்றேன். புதுச் சட்டி ஏழு வாங்கினோம். ஸைனம்பு இன்னும் ஏழு துண்டு கிழித்தார். இந்த முறை ஓரத்தை மடித்துத் தைத்தும் கொடுத்தார்.

நோன்பு மூன்றாம் நாள். முத்தலிப் ஆபீஸ் முடிந்து, போத்தலில் தண்ணீரும் கடதாசியில் சுற்றிய நாலு பேரீச்சம்பழமும் சின்னப் பாயுமாக முகத்துவாரத்துக்கு வந்தபோது, நான் தண்ணீர் ஓரமாகக் குந்தியிருந்தேன். இடது சட்டைக் கை முழங்கைக்கு மேலே மடிந்திருந்தது.

சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்று பார்த்தான்.

“என்னகா இது?”

“வெக்கை.”

வாடைக்காற்று தொடங்கியிருந்தது. அவன் தன் சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டான். பையைத் திறந்து குழாய் ஏழு, பஞ்சு, பென்சில், ஒட்டுகிற கடதாசித் துண்டுகள் எல்லாவற்றையும் என் வலது பக்கத்தில் நிரையாக வைத்தான். என் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து, தோளைப் பிடித்து என்னைச் சற்றே திருப்பினான்.

“வயிறு முழுக்கச் சிவக்கும் வரைக்கும் குழாயக் கவிழ்க்காத. அரைவயிறு முட்டை போடாது.”

“ம்.”

“அடிக்காத.”

“ம்.”

சூரியன் வாவிக்கு அங்கால் மரங்களைத் தொட்டது. நோன்பு திறக்கும் நேரமும் கொசுகு எழும்பும் நேரமும் ஒன்று. அவன் பாயை எடுத்துக்கொண்டு மணல் மேட்டின் மறுபக்கம் போனான். தண்ணீரில் இடுப்பளவு நின்று வலையைத் தோளில் மடித்துக்கொண்டிருந்த கோணாமலை மட்டும் என்னைப் பார்த்தார். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

முதலாவது வந்தது. மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே. ஊசியை நெருப்பில் காட்டிவிட்டுக் குத்தியது போல இருந்தது. வலது கை, எட்டு வருஷப் பழக்கத்தில், தானாக மேலே போயிற்று. அதை இறக்கித் தொடைக்குக் கீழே வைத்து, அதன் மேல் இருந்தேன். இரண்டாவது வந்தது. மூன்றாவது முழங்கை மடிப்பில். கண்ணில் தண்ணீர் முட்டியது, துடைக்கக் கையில்லை.

“கடிக்குதோ தம்பி?” என்று தண்ணீரில் இருந்து கோணாமலை கேட்டார்.

“ஓம் மாமா.”

“நல்லாக் கடிக்குதோ?”

“நல்லா.”

“அப்ப சரி,” என்று வலையை வீசினார். வட்டமாக விரிந்து விழுந்தது.

முதலாவதின் வயிறு மெல்லச் சிவந்து, உருண்டு, பளபளத்தது. வலது கையை விடுவித்து, மூச்சை அடக்கி, குழாயைக் கவிழ்த்தேன். கொஞ்ச நேரம் அது அசையவில்லை. பிறகு கையை விட்டுக் கண்ணாடி வழியே வெளிச்சத்தைப் பார்த்து மேலே ஏறியது. பஞ்சை அடைத்தேன். கடதாசித் துண்டில் முத்தலிப்பின் வழக்கப்படி இடம், தேதி, நேரம் எழுதினேன். ‘கடிபட்டவர்’ என்று நாலாவதாக ஒரு வரி இருந்தது. அதில் என் பெயரை முதலெழுத்தோடு முழுதாக எழுதி, எழுதியது சரிதானா என்று ஒரு தடவை வாசித்து, சரியான குழாயில் ஒட்டினேன்.

மணல் மேட்டுக்குப் பின்னால் முத்தலிப் போத்தலைத் திறக்கும் சத்தம் கேட்டது. இன்னும் ஆறு குழாய் இருந்தது. கையை மறுபடி நீட்டினேன்.